பழைய செஸ்னாவுக்கு எதை முதலில் மாற்றுவது? வாசகர் கேள்வி – பதில்

சிறிய தனியார் விமானங்கள் பற்றித் திருகோணமலைப் பக்கத்திலிருந்து வந்த கடிதங்களை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். விமானம் பழையது, கையில் காசு அளவானது, அதை எதில் போடுவது என்பதுதான் பெரும்பாலானவர்களின் கவலை. ஒரு பராமரிப்புப் பொறியியலாளரும் விமான மின்னணுக் கருவிகளில் வேலை செய்பவர் ஒருவரும் சேர்ந்து பதில் எழுதுகிறார்கள்.

கேள்வி: 1977 இல் செய்த செஸ்னா 172 என் (172N) மாதிரி விமானம் ஒன்றை மூன்று பேர் பங்கு போட்டு வாங்கப்போகிறோம். ரத்மலானையில் நிறுத்தி, விடுமுறைக்குச் சீனக்குடாவுக்குக் கொண்டுவர எண்ணம். பங்காளி ஒருவர் முதல் வேலையாகப் புதிய திரைக் கருவிகள் போடவேண்டும் என்கிறார். எதிலிருந்து தொடங்கலாம்?
– வாசகர், உவர்மலை

பதில்: இருக்கையிலிருந்து தொடங்குங்கள். திரை கடைசியில் வரட்டும்.

செஸ்னாவின் முன் இருக்கைகள் தரையில் பதித்த அலுமினியத் தண்டவாளங்களில் ஓடுகின்றன. தண்டவாளத்தில் வரிசையாகத் துளைகள் இருக்கும். இருக்கையின் பூட்டு ஊசி அவற்றில் ஒன்றில் இறங்கி நிற்கும். நாற்பது ஐம்பது வருடம் ஊசி ஏறி இறங்கியதில் துளை நீள்வட்டமாகத் தேய்ந்துவிடுகிறது. ஓடுபாதையில் வேகமெடுத்து மூக்கு உயரும் கணத்தில் ஊசி நழுவினால் இருக்கை பின்னுக்கு ஓடும். கையில் பிடித்திருக்கும் கட்டுப்பாட்டுச் சக்கரத்தையும் விமானி தன்னோடு சேர்த்து இழுத்துவிடுவார். மூக்கு இன்னும் மேலே போகும், வேகம் விழும், தரையோ மிகக் கிட்ட இருக்கும். இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. அதனால்தான் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. 2011-10-09 என்ற கட்டாய உத்தரவில் 100 மணிநேரப் பறப்புக்கு ஒரு தடவை தண்டவாளம், ஊசி, உருளை எல்லாவற்றையும் பார்க்கச் சொல்கிறது. துளையைக் குறுக்கே அளந்து பாருங்கள். 0.36 அங்குலத்தைத் தாண்டிய துளை இருந்தால் அந்த உத்தரவில் சொன்ன அடுத்த நடவடிக்கைக்குப் போகவேண்டும். கூடவே விமானியின் இருக்கைக்கு இரண்டாவது தடுப்பும் போட்டுவிடுங்கள். ஊசி நழுவினாலும் இருக்கையைப் பிடித்து நிறுத்தும் சுருள் பட்டி அது. செஸ்னாவே கொடுக்கிறது.

அடுத்தது தோள்பட்டி. அமெரிக்காவில் 1978 யூலை 18 இற்குப் பின் செய்த சிறிய விமானங்களுக்குத்தான் முன் இருக்கைத் தோள்பட்டி கட்டாயம். பின் இருக்கைகளுக்கு 1986 டிசம்பருக்குப் பிறகுதான். உங்களுடையது 1977. முன்னுக்குப் பட்டி இருந்தாலும் நீட்சியில்லாத பழைய வகையாக இருக்கக்கூடும். அதை இறுக்கிக் கட்டினால் தரையில் உள்ள எரிபொருள் திருகிக்குக் கை எட்டாது. ஆகவே ஆட்கள் தளர்த்திவிடுவார்கள், அல்லது கட்டுவதே இல்லை. காரில் உள்ளதுபோல் இழுபட்டு, அதிர்ச்சியில் மட்டும் பூட்டும் சுருள் வகைப் பட்டி நான்கு இருக்கைக்கும் போடுங்கள். ஒரு திரைக் கருவியின் விலையைவிடக் குறைவான செலவில் இது முடிந்துவிடும்.

இனி எஞ்சின். 172 என் மாதிரியில் வருவது லைக்கோமிங் ஓ-320-எச்2ஏ.டி., 160 குதிரைவலு. வால்வுகளைத் திறக்கவைக்கும் கேம் ஷாஃப்டும் அதில் உரசும் டப்பெட்டும் இதில் பொரிந்து தேயும் வழக்கம் இந்த விமானத்தின் பெயரோடு ஒட்டியே வருகிறது. ஆனாலும் பயந்து ஓடவேண்டியதில்லை. மற்ற லைக்கோமிங்குகளில் டப்பெட்டைப் பார்க்க எஞ்சின் உடலையே பிளக்கவேண்டும். இதில் பிளக்காமலே டப்பெட்டை வெளியே எடுக்கலாம். வாங்குமுன் எடுத்து, கேமில் உரசும் முகத்தை வெயிலில் சரித்துப் பிடித்துப் பாருங்கள். கண்ணாடிபோல வழுவழுப்பாக இருக்கவேண்டும். அம்மைத் தழும்பு போலச் சிறு குழிகள் கண்டால் விலையைப் பேசும் விதமே மாறிவிடும். வாங்கிய பின் 50 மணிக்கு ஒருமுறை, அல்லது நான்கு மாதத்துக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அப்போது எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். எல்.டபிள்யூ-16702 என்ற லைக்கோமிங் சேர்மானம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 6 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 177 மில்லிலீற்றர் போகவேண்டும். இந்த எஞ்சினுக்கு அது கட்டாயம். ஏரோஷெல் 15டபிள்யூ-50, டபிள்யூ100 பிளஸ் எண்ணெய்களில் அதற்கு ஈடான பொருள் ஏற்கெனவே கலந்திருப்பதால் தனியாக ஊற்றத் தேவையில்லை. கழற்றிய ஃபில்டரை எறியாமல் வெட்டி விரித்து, மடிப்பு மடிப்பாகக் காந்தம் காட்டிப் பாருங்கள்.

பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் மக்னீற்றோ இந்த எஞ்சினில் இரண்டு. அவை இரண்டும் ஒரே கூட்டுக்குள், ஒரே தண்டில் ஓடுகின்றன. அதைப் பிடித்திருக்கும் கவ்விகள் தளர்ந்தால் இரண்டும் ஒன்றாகப் போகும். ஒவ்வொரு 100 மணிப் பரிசோதனையிலும் கவ்விகளில் கை வையுங்கள். ஒற்றை மக்னீற்றோவைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் பூட்டும் மின்னணு எரியூட்டி இதில் நேராகப் பொருந்தாது. விளம்பரத்தைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள்.

சீனக்குடா விமானப்படைத் தளம். முன் அனுமதி இல்லாமல் அங்கே இறங்க முடியாது. விடுமுறைத் திட்டம் போடும்போது அதற்கும் நாள் ஒதுக்குங்கள்.

கேள்வி: கடற்கரையிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில் விமானம் வாரக்கணக்கில் நிற்கும். உப்புக் காற்றுக்கு என்ன பாதுகாப்பு? வாரம் ஒருமுறை பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டால் போதும் என்கிறார்களே?
– வாசகர், நிலாவெளி

பதில்: அந்தப் பத்து நிமிட ஓட்டம்தான் எஞ்சினைத் தின்னும். பெற்றோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அதில் ஒரு பங்கு பிஸ்டன் வளையத்தைக் கடந்து எண்ணெய்க்குள் இறங்கும். எண்ணெய் நன்றாகச் சூடேறினால்தான் அந்த ஈரம் ஆவியாகி மூச்சுக்குழாய் வழியே வெளியேறும். தரையில் பத்து நிமிடம் ஓடினால் எண்ணெய் அந்தச் சூட்டை எட்டாது. ஆகவே ஒவ்வொரு வாரமும் எஞ்சினுக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடுவது போலத்தான். லைக்கோமிங்கில் கேம் ஷாஃப்ட் எஞ்சினின் மேற்பகுதியில் இருக்கிறது. நிறுத்திய பின் எண்ணெய் கீழே வடிந்துவிட, முதலில் காய்வது அதுதான். ஈரப்பதன் கூடிய இடங்களில் புது எஞ்சினின் சிலிண்டர் சுவரில் இரண்டே நாளில் துரு கண்டதாக லைக்கோமிங் நிறுவனமே எழுதியிருக்கிறது. நிலாவெளிக் காற்று எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நாங்கள் சொல்லவேண்டியதில்லை.

பறக்கமுடிந்தால் பறந்துவிடுங்கள். குறைந்தது ஒரு மணிநேரம் தொடர்ந்து, எண்ணெய் வெப்பம் 165 முதல் 200 பாகை பரனைற், அதாவது 74 முதல் 93 பாகை செல்சியசுக்குள் நிற்கும்படி பறக்கவேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் பறக்கமாட்டோம் என்று தெரிந்தால் பாதுகாப்பு எண்ணெய் போட்டு மூடுங்கள். மேல் பிளக் நான்கையும் கழற்றி, சிலிக்கா ஜெல் அடைத்த கண்ணாடி போன்ற உலர்த்திப் பிளக்குகளைப் பூட்டுங்கள். மணிகள் நீலமாக இருக்கும்வரை நல்லது. இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்து நிறைந்துவிட்டது, மாற்றவேண்டும். வாடைக்காற்று மாதங்களில் வாரம் இருமுறை போய் நிறத்தைப் பாருங்கள். புகைபோக்கி, மூச்சுக்குழாய், காற்று வாய் எல்லாவற்றையும் அடைத்துச் சிவப்புத் துணி கட்டுங்கள். புரொப்பெல்லரில் ‘திருப்பாதீர்’ என்று ஓர் அட்டை தொங்கவிடுங்கள். கையால் ஒரு சுற்றுச் சுற்றினால்கூடக் கேமிலும் சிலிண்டரிலும் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் படலம் வழித்தெடுபட்டுவிடும். நல்ல எண்ணத்தோடு வந்து சுற்றிப் பார்ப்பவர்கள்தான் அதிகம்.

உடல் பக்கம் போனால், அலுமினியம் இரும்பைப்போலச் சிவப்பாகத் துருப்பிடிக்காது. வெள்ளையாகப் பூக்கும். முன் இருக்கையைக் கழற்றித் தரைவிரிப்பைத் தூக்குங்கள். அதன் கீழே மஞ்சள் கண்ணாடிப் பஞ்சு நனைந்து உலர்ந்து, தகட்டோடு பசைபோல ஒட்டியிருக்கும். அதை உரித்தால் தகட்டில் அரிசிமாவு தூவியதுபோல ஒரு படலம். மரக்குச்சியால் சுரண்டிப் பாருங்கள். தூள் மட்டும் உதிர்ந்தால் பிழைத்தீர்கள். குச்சி குழிக்குள் இறங்கினால் தகட்டின் தடிப்பை அளக்கவேண்டும். மற்ற இடங்கள்: இறக்கைத் துணைச்சிறகுகளின் கீல்கள், வால் கூம்பின் அடிப்பகுதி, பற்றரிப் பெட்டியின் சுற்றம், அன்ரெனாக்களின் அடித்தளம், இறங்கும்போது இறக்கையின் பின்புறம் விரியும் ஃபிளாப் ஓடும் தடம். வயிற்றுப் பக்கத்துச் சிறு வடிகால் துளைகளைத் தூசியும் கிரீசும் அடைத்திருக்கும். நைலோன் நூலால் குத்தி எடுங்கள்.

சுத்தமான உடலுக்குள் ஏ.சி.எஃப்.-50 அல்லது கொரோஷன்எக்ஸ் போன்ற ஊடுருவும் எண்ணெயை மூடுபனியாக விசிறிவிடலாம். ஒட்டுத் தகடுகளின் இடுக்குக்குள் புகுந்து ஈரத்தை வெளியே தள்ளும். சில வாரத்துக்குத் தகடுகளை இணைக்கும் கடாவிகளின் (ரிவெற்) அடியில் எண்ணெய் வடியும். அது கடாவி தளர்ந்ததற்கான அறிகுறியல்ல. ஆனால் வண்ணம் பூசும் எண்ணம் இருந்தால் அதை முதலில் முடித்துவிடுங்கள், எண்ணெய் வடியும் தகட்டில் வண்ணம் ஒட்டாது. பிரேக் வட்டிலிலும் றப்பரிலும் எண்ணெய் படக்கூடாது.

ஒவ்வொரு கடலோரப் பறப்புக்குப் பின்பும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். அமுக்கக் குழாய் வேண்டாம், வீட்டுச் சலவைத்தூளும் வேண்டாம், அதன் காரம் அலுமினியத்தை அரிக்கும். கழுவும்போது வேகமானிக்கு எதிர்க்காற்றை எடுக்கும் பிற்றோ குழாயையும், வேகமானிக்கும் உயரமானிக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கொடுக்கும் பக்கவாட்டு நிலையழுத்தத் துளையையும் மூடுங்கள். மூடியதை எடுக்க மறக்காதபடி நீளமான சிவப்பு நாடா கட்டுங்கள். நிறத்தில் பொருந்திப்போகும் ஒட்டுநாடா ஒட்டி மறந்து, மேலே ஏறிய பிறகு வேகமானியும் உயரமானியும் பொய் சொன்ன விபத்துகள் உலகில் நடந்திருக்கின்றன. குளவியையும் மறக்கவேண்டாம். எங்கள் பக்கத்துக் குளவி ஒரே பகலில் பிற்றோ குழாய்க்குள் மண்கூடு கட்டிவிடும். நிறுத்தியதும் உறை போடுங்கள்.

காசு மிஞ்சினால் குரோமியம் பூசிய பிரேக் வட்டில்கள் வாங்குங்கள். சாதாரண உருக்கு வட்டில் ஒரு மழையிரவில் செம்மண் நிறமாகிவிடும். அந்தத் துருப்பொடி பிரேக் கட்டையையும் சேர்த்துத் தேய்க்கும்.

கேள்வி: வெற்றிடப் பம்பைக் கழற்றிவிட்டு மின்னணு நிலைகாட்டி போடுவது புத்தியா?
– வாசகர், கிண்ணியா

பதில்: முகிலுக்குள்ளோ இரவிலோ பறப்பவருக்கு, ஆம். விமானம் எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்று காட்டும் நிலைகாட்டியின் சுழலியைச் சுற்றவைப்பது இந்தப் பம்புதான். உலர் வகைப் பம்பின் உள்ளே கரித்துண்டால் செய்த உருளையும் தகடுகளும் சுழல்கின்றன. அது சாகுமுன் சத்தம் போடாது. ஒரு நொடியில் நொறுங்கும். ஆனால் நிலைகாட்டியின் சுழலி உடனே நிற்காது. மெல்லமெல்ல வேகம் குறைந்து, சில நிமிடம் நம்பும்படியாகவே சரிந்து பொய் காட்டும். வெளியே ஒன்றும் தெரியாத நேரத்தில் விமானி அந்தப் பொய்யைப் பின்தொடர்ந்து சரிவார். ஆளைக் கொல்வது அந்தச் சில நிமிடம்தான்.

கார்மின் ஜி5 போன்ற கருவி பழைய 3⅛ அங்குலத் துளையிலேயே உட்காரும். தனக்கென்று ஒரு பற்றரியும் உண்டு, விமானத்தின் மின்சாரம் போனாலும் நான்கு மணிநேரம்வரை தாக்குப்பிடிக்கும். இரண்டு வாங்கினால் ஒன்று நிலைகாட்டி, மற்றது திசைகாட்டி. மேலே உள்ளது பழுதானால் கீழே உள்ளதை நிலைகாட்டியாக மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவதுக்கு ஒரு காந்த உணரியும் தேவை. அதைப் பெரும்பாலும் இறக்கைக்குள் வைப்பார்கள். விளக்கு வயருக்கும் உருக்குப் பாகத்துக்கும் பக்கத்தில் வைத்தால் விளக்கைப் போட்டதும் திசை ஐந்து பாகை துள்ளும். ஆகவே நிரந்தரமாகப் பூட்டுமுன் தற்காலிகமாக ஒட்டிவைத்து, எல்லா விளக்கையும், பிற்றோ சூடாக்கியையும், ஃபிளாப் மோட்டாரையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

உங்கள் விமானத்தில் பழைய தானியங்கிப் பறப்புக் கருவி இருந்தால் அது திசையை எங்கிருந்து எடுக்கிறது என்று முதலில் வயர் படத்தில் தேடுங்கள். வெற்றிடப் பம்பால் ஓடும் பழைய திசைகாட்டியிலிருந்து எடுத்தால், அதைக் கழற்றிய அன்றே தானியங்கி குருடாகிவிடும். நடுவில் ஒரு மாற்றிப் பெட்டி வேண்டும். அந்த விலையைச் சேர்க்காமல் கணக்குப் போட்டு ஏமாந்தவர்கள் பலர்.

பம்பைக் கழற்றிய இடத்தை உரிய மூடியும் கஸ்கெற்றும் போட்டு அடைக்கவேண்டும். வேலை முடிந்ததும் நிலையழுத்தக் குழாயில் கசிவுச் சோதனை கட்டாயம். பம்பையே வைத்திருக்கப்போகிறீர்கள் என்றால், சீராக்கியில் உள்ள சிறு நுரை ஃபில்டரை 100 மணிக்கும், நடு ஃபில்டரை ஆண்டுக்கொரு முறையும் மாற்றுங்கள். எஞ்சினைக் கரைப்பான் விசிறிக் கழுவும்போது பம்பை மூடுங்கள். ஒரு துளி கரைப்பான் உள்ளே போனால் கரித்தூள் களியாகிப் பம்பு இறுகிவிடும்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து எல்.ஈ.டி. இறங்குவிளக்கு எடுப்பிக்கிறேன். 14 வோல்ற்றா, 28 வோல்ற்றா?
– விமானப் பராமரிப்பு மாணவர், பாலையூற்று

பதில்: தம்பி, மாதிரிப் பெயரை நம்பவேண்டாம். 172 என் என்ற ஒரே பெயரில் 1977 விமானம் 14 வோல்ற், 1978 முதல் வந்தது 28 வோல்ற். பற்றரி முகப்பையும் ஓல்ரநேற்றர் தகட்டையும் வாசியுங்கள். இரண்டுக்கும் பொதுவான விளக்குகளும் உண்டு. பழைய 4509 குமிழ் 100 வாற் எடுத்து, 25 மணிநேரம் வாழும் என்ற கணக்கில் செய்யப்பட்டது. எல்.ஈ.டி. இரண்டிலும் பெரிய இலாபம். ஒரே ஒரு தொல்லை, மலிவான எல்.ஈ.டி. சில வானொலியில் இரைச்சல் போடும். பூட்டியதும் தொலைவிலுள்ள, தெளிவில்லாத ஒரு நிலையத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு விளக்கைப் போட்டு அணைத்துப் பாருங்கள்.

வானொலி இரைகிறது, தூரம் போகவில்லை என்று புதுப்பெட்டி வாங்க ஓடுபவர்களுக்கும் இதே இடத்தில் ஒன்று. முதலில் அன்ரெனா கேபிளைப் பாருங்கள். அந்தக் காலத்து ஆர்ஜி-58 கேபிளின் உட்காப்பு வயதாகி இறுகி, பின்னல் கறுத்துப்போயிருக்கும். ஆர்ஜி-400 கேபிளும் புது இணைப்பிகளும் போட்டு, அன்ரெனா அடித்தளத்தை வெளிறும்வரை சுத்தம் செய்தாலே பழைய பெட்டி புதிதுபோலப் பேசும்.

கேள்வி: திருகோணமலையில் பிறந்து ரொறன்ரோவில் இருக்கிறேன். ஊரில் மைத்துனருக்குப் பங்குள்ள விமானத்துக்கு இங்கிருந்து பாவித்த டிரான்ஸ்பொண்டரும் ஈ.எல்.ரி.யும் அனுப்பலாமா? இணையத்தில் மலிவாக இருக்கிறது.
– வாசகர், கனடா

பதில்: அமெரிக்காவில் 2020 சனவரி 1 முதல் பெரும்பாலான நெரிசல் வான்பகுதிகளில் ஏ.டி.எஸ்.-பி. கட்டாயமானது. விமானம் தான் இருக்கும் இடத்தைத் தானே ஒலிபரப்பும் முறை அது. அதற்காக இரண்டு வகைப் பெட்டிகள் சந்தைக்கு வந்தன. ஒன்று 1090 மெகாஹேர்ட்ஸில் பேசும் மோட் எஸ் டிரான்ஸ்பொண்டர், அதாவது ராடார் கேட்டால் விமானத்தின் அடையாளத்தைப் பதிலாக அனுப்பும் பெட்டி. மற்றது 978 மெகாஹேர்ட்ஸில் பேசும் பெட்டி. 978 அமெரிக்காவுக்குள் மட்டும் பாவிக்கும் முறை. இலங்கை வானில் அதைக் கேட்க எவரும் இல்லை. மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் அதுதான், வாங்கவேண்டாம். 1090 வகை என்றால் நல்லது. ஆனால் அதற்குள் பழைய விமானத்தின் 24 பிற் முகவரி பதிந்திருக்கும். இலங்கையில் 4ஆர் பதிவுக்கு வழங்கப்படும் முகவரியைப் புதிதாக எழுதாவிட்டால், உங்கள் மைத்துனர் கனடாவில் எங்கோ நிற்கும் வேறொரு விமானமாகத் திரையில் தெரிவார்.

ஈ.எல்.ரி. என்பது விழுந்தால் தானாகக் கூவும் அவசரக் கருவி. 121.5 மெகாஹேர்ட்ஸில் மட்டும் கூவும் பழைய வகையைச் செய்மதிகள் 2009 பெப்ரவரி 1 உடன் கேட்பதை நிறுத்திவிட்டன. 406 வகைதான் வேண்டும். அதிலும் நாட்டுக் குறியீடு உண்டு, இலங்கைக்கு 417. கனடாவின் குறியீட்டோடு அனுப்பி அப்படியே பூட்டினால், மூதூருக்கு அப்பால் விமானம் கடலில் இறங்கும் வேளையில் கனடாவின் மீட்பு மையம் அங்குள்ள பழைய உரிமையாளருக்குத் தொலைபேசி எடுக்கும். மறுகுறியீடு, பதிவு இரண்டும் முடிந்த பிறகே அது கருவி. பற்றரியின் காலாவதித் திகதியையும் கேளுங்கள். பல மலிவான பெட்டிகளில் பற்றரி முடிந்திருக்கும். இலிதியம் பற்றரியை விமானப் பொதியில் அனுப்புவதற்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. எங்கள் எண்ணம், டிரான்ஸ்பொண்டரை வேண்டுமானால் பாவித்ததாக வாங்குங்கள், ஈ.எல்.ரி.யைப் புதிதாக வாங்குங்கள்.

எதை அனுப்பினாலும் அதன் வெளியீட்டுச் சான்றிதழ் கூடவே வரவேண்டும். அந்தத் தாள் இல்லாத பெட்டி பழைய இரும்புதான், எந்தப் பொறியியலாளரும் கையெழுத்துப் போடமாட்டார். அமெரிக்காவில் எஸ்.ரி.சி. என்ற மாற்ற அனுமதி பெற்ற பொருள் என்பதற்காக இங்கே தானாக ஏற்கப்படும் என்றும் இல்லை. பொருளுக்குக் காசு கட்டுமுன் இலங்கை சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையிடம் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: விமானப் பெற்றோல் கிடைப்பது கடினம். 92 ஒக்ரேன் கார்ப் பெற்றோல் ஊற்றலாமா?
– வாசகர், லிங்கநகர்

பதில்: உங்கள் எஞ்சின் எது என்று எழுதவில்லை. 1973 முதல் 1976 வரையான 172 எம் மாதிரியின் ஓ-320-ஈ2டி எஞ்சினுக்கு அமுக்க விகிதம் 7.0. அது 80 ஒக்ரேனுக்கு வடிவமைத்தது. அதற்குக் கார்ப் பெற்றோல் பாவிக்க அமெரிக்காவில் மாற்ற அனுமதிகள் உண்டு. 172 என் எஞ்சினுக்கோ விகிதம் 9.0, அதற்கு 100 ஒக்ரேன் தேவை. எங்கள் பெற்றோல் நிலையத்து 92 வேறு அளவுகோல். விமானத்துக்குரிய அளவுகோலில் அது எட்டுப் பத்து எண் கீழே போகும். 9.0 எஞ்சினில் அதை ஊற்றி முழுவேகம் கொடுத்தால் கலவை தானாக வெடிக்கத் தொடங்கும். பிஸ்டன் தலையில் ஓட்டை விழ நீண்டநேரம் தேவையில்லை.

அனுமதியுள்ள எஞ்சினாக இருந்தாலும் எதனோல் கலந்த பெற்றோல் கூடாது. அது றப்பரையும் மிதவையையும் கெடுக்கும். பரிசோதிக்க ஓர் ஒல்லியான கண்ணாடிக் குழாயில் அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மட்டத்தைப் பேனையால் கீறுங்கள். அதன்மேல் பத்து மடங்கு பெற்றோல் ஊற்றிக் குலுக்கி, அசையாமல் வையுங்கள். தண்ணீர் மட்டம் கீறலுக்கு மேல் ஏறியிருந்தால் அதில் எதனோல் இருக்கிறது.

கேள்வி: கச்சான் அடிக்கும் மாதங்களில் மேலேறும்போது சிலிண்டர் சூடு ஏறுகிறது. எஞ்சின் கண்காணிப்புத் திரை வாங்கலாமா? எண்ணெய்க் குளிராக்கி பெரிதாகப் போடலாமா?
– வாசகர், உப்புவெளி

பதில்: கண்காணிப்புக் கருவி வாங்குங்கள். ஆனால் அதற்கு முன்பு எஞ்சின் மூடியைத் திறந்து சிலிக்கோன் றப்பர் விளிம்புகளைப் பாருங்கள். முன்னால் புகும் காற்று எஞ்சினுக்கு மேலே அமுக்கப்பட்டு, சிலிண்டர்ச் செதில்களுக்கு ஊடாகக் கீழே இறங்கவேண்டும். அந்த றப்பர் விளிம்பு உட்புறமாக, மேல்நோக்கி வளைந்திருந்தால் காற்றே அதை மூடியோடு அழுத்திக்கொள்ளும். யாரோ அவசரத்தில் மூடியைப் போட்டு விளிம்பு பின்னுக்கு மடிந்திருந்தால் காற்று அந்த வழியே தப்பி ஓடும். மூலைகளில் விரல் நுழையும் இடுக்கு இருந்தால் வெப்பம் தாங்கும் சிலிக்கோன் பசையால் அடையுங்கள். பெரிய குளிராக்கி வாங்க நினைத்த பலருக்கு இந்த அரைநாள் வேலையே போதுமாக இருந்திருக்கிறது.

லைக்கோமிங் சிலிண்டர்த் தலைக்கு உச்ச எல்லை 500 பாகை பரனைற். அந்தச் சிவப்புக் கோட்டில் ஓட்டும் எஞ்சின் நீடிக்காது. தொடர்பறப்பில் 400 பாகைக்குள் வைத்திருங்கள், 435 வந்தால் ஏதாவது செய்யுங்கள். தொழிற்சாலை மானி ஒரே ஒரு சிலிண்டரைத்தான் பார்க்கிறது. சூடான சிலிண்டர் அதுவாக இருக்கவேண்டும் என்றில்லை. நான்கையும் தனித்தனியே காட்டும் கருவியின் பெறுமதி அங்கேதான். வாங்கும்போது பிளக்கின் கீழ் வளையமாக வரும் உணரியைத் தவிர்த்து, சிலிண்டர்க் குழியில் பூட்டும் உணரியை எடுங்கள். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டாது.

35 பாகை செல்சியஸ் நாளில் கடல்மட்டத்து ஓடுபாதையிலேயே எஞ்சினும் இறக்கையும் ஏறத்தாழ 2,400 அடி உயரத்தில் இருப்பதுபோல நடந்துகொள்ளும். 172 என் விமானம் 73 நொட்டில் மிக வேகமாக உயரும் என்பது கைநூல் கணக்கு. தடைகளைக் கடந்ததும் மூக்கைத் தாழ்த்தி 80, 85 நொட்டில் ஏறினால் உயரம் கொஞ்சம் தாமதமாகும், சிலிண்டருக்குள் காற்று நன்றாகப் பாயும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

கேள்வி: குடாவுக்கு மேலாக இறங்கி வரும்போது எஞ்சின் சுழற்சி தானாகக் குறைந்து முனகியது. வெளியே 28 பாகை. பனிக்கட்டி என்கிறார்கள், நம்பமுடியவில்லை.
– வாசகர், தம்பலகாமம்

பதில்: நம்புங்கள். காபுரேற்றரின் கழுத்தில் காற்று விரிவதாலும் பெற்றோல் ஆவியாவதாலும் வெப்பம் 20 பாகைக்கு மேலும் விழும். எஞ்சின் வேகக் கைப்பிடியை (திறொட்டில்) மூடிக்கொண்டு இறங்கும்போது ஈரக்காற்று அங்கேயே உறைந்து கழுத்தை நெரிக்கும். காபுரேற்றருக்குச் சூடான காற்றை விடும் கைப்பிடியை முழுதாக இழுங்கள், பாதியாக அல்ல. கட்டி உருகித் தண்ணீராக உள்ளே போகும்போது எஞ்சின் ஒருகணம் இன்னும் மோசமாக இடறும். அப்போது பயந்து கைப்பிடியைத் திரும்பத் தள்ளிவிடாதீர்கள். காபுரேற்றர் வெப்பமானி நல்ல பொருள்தான். ஆனால் அதற்கு முன், சூட்டுக் கதவு முழுதாகத் திறக்கிறதா, குழாய் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். தரையில் சூட்டை இழுத்ததும் சுழற்சி தெளிவாகக் குறையாவிட்டால் சூடே வரவில்லை.

கேள்வி: எல்லாக் கருவியும் மாற்றி முடிந்தது. பழைய காந்தத் திசையறி மட்டும் முன்கண்ணாடியில் தொங்குகிறது. கழற்றலாமா?
– வாசகர், உவர்மலை

பதில்: வேண்டாம். மின்சாரமே இல்லாமல் திசை காட்டும் கருவி அது ஒன்றுதான். ஆனால் புதுக் கருவிகளுக்குப் பின் அதன் கணக்கு மாறியிருக்கும். இரும்புக் கூரையும் வாகனமும் இல்லாத திறந்த இடத்துக்கு விமானத்தைத் தள்ளிச் சென்று, எஞ்சினை ஓடவிட்டு, வானொலிகளையும் போட்டு, 30 பாகைக்கு ஒன்றாகச் சுற்றிவரத் திருப்பி ஒவ்வொரு திசையிலும் பிழையை எழுதுங்கள். 10 பாகைக்கு மேல் பிழை எங்கும் நிற்கக்கூடாது. திருத்தும் திருகுகளைத் திருப்பப் பித்தளை அல்லது பிளாஸ்ரிக் திருகாணிச் செலுத்தி பாவியுங்கள். சாதாரண உருக்குச் செலுத்தி கிட்டப் போனாலே அட்டை சுழலும். எவ்வளவு திருப்பியும் ஒரு பக்கத்துப் பிழை போகவில்லை என்றால் திசையறியைப் பிடித்திருக்கும் ஆணிகளைப் பாருங்கள். பித்தளை ஆணி தொலைந்த இடத்தில் கடையில் வாங்கிய உருக்கு ஆணி ஒன்று நிற்கும். அதை மாற்றிவிட்டு மறுபடி சுற்றி, புது அட்டையில் திகதி போட்டு ஒட்டுங்கள்.